பிடித்த மீனை ஆற்றிலேயே விடும் வேட்டை

மீன் பிடிக்கப் பணம் கட்ட வேண்டும். பிடித்த மீனை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. எடை போட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். இப்படியும் ஒரு பொழுதுபோக்கு உண்டா என்று கேட்கத் தோன்றும். உண்டு. இதற்காகவே இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி வந்தவர்களும் உண்டு. அவர்கள் தேடி வந்தது நமது காவிரியை!

மௌலா அலி டீசல் ஷெட்டிலும் ரயில்வே குடியிருப்புகளிலும், அடுத்துள்ள ஈ.சி.ஐ.எல். வட்டாரத்திலும் வாழும் தமிழர்களுக்கு மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புதான் முதலில் நினைவுக்கு வரும். முஷீராபாத் சந்தைக்குப் போனால் தொட்டித் தண்ணீரில் உயிரோடு நெளியும் கொரமீனு கிடைக்கும். நம் ஊர் விரால்தான் அது. தெலங்கானாவின் மாநில மீனும் அதுவே. ஜூன் மாதத்தில் மிருகசீரிஷக் கார்த்தி பிறந்துவிட்டால் இந்நகரத்தில் மீன் வாங்காத வீடு குறைவு.

ஆனால் தர்மபுரி, சேலம், ஈரோடு பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் வேறொரு மீனைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கலாம். ஆள் உயரத்துக்கு வளரும் கெண்டை. உள்ளங்கை அகலச் செதில். பிடரியில் காளைத் திமில் போல ஒரு மேடு. காவிரியைத் தவிர உலகில் வேறு எங்கும் கிடையாது. இன்று அந்த மீன் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் தூண்டில்காரர்களா, அல்லது அவர்களும் அதன் அழிவுக்கு உடந்தையா என்பது இன்னும் தீராத வழக்கு.

ஆற்றுப் புலி

ஆங்கிலத்தில் இதை மகசீர் என்பார்கள். மகசீரில் பல இனங்கள் உண்டு. இமயமலை ஆறுகளில் பொன்னிற மகசீர். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் நீலத்துடுப்பு மகசீர். காவிரிக்கும் அதன் கிளை ஆறுகளுக்கும் மட்டுமே உரியது கூன்முதுகு மகசீர். துடுப்புகளும் வாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கன்னடக்காரர்கள் மகசீரைப் பிளி மீனு, அதாவது வெள்ளை மீன் என்பார்கள். பொம்மீன் என்று தமிழிலும் பெயர் உண்டு.

கெண்டைக் குடும்பம் என்றதும் சாதுவான மீன் என்று நினைத்துவிடக் கூடாது. வாயில் பல் கிடையாது. ஆனால் தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டை ஓட்டோடு நொறுக்கித் தின்னும். ஆற்றில் விழும் பழம், பாசி, சிறு மீன் எதையும் விடாது. ஓடுகிற தண்ணீரில்தான் வாழும். பாறை இடுக்கிலும் ஆழமான மடுவிலும் பதுங்கி நின்று, இரையைக் கண்டதும் பாயும். இந்தப் பாய்ச்சலுக்காகவே வெள்ளைக்காரர்கள் இதை ஆற்றுப் புலி என்று அழைத்தார்கள்.

ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்தவர். 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தூண்டில்காரனோடு மல்லுக்கட்டுவதில் இங்கிலாந்தின் சால்மன் மீனையும் மகசீர் மிஞ்சும் என்பது அவர் தீர்ப்பு. சீமையில் சால்மனுக்கு இருந்த மரியாதையைப் பார்க்கும்போது இது சாதாரணப் பாராட்டு அல்ல. அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரைக்குப் புறப்பட்ட துரைமார்கள் பலர்.

அரிசி மூட்டை எடை

1919-இல் ரிவெட் கார்னாக் என்ற வெள்ளைக்காரர் 119 பவுண்டு எடையுள்ள மகசீரைப் பிடித்தார். 27 ஆண்டுகள் கழித்து அந்தச் சாதனை ஒரே ஒரு பவுண்டில் முறியடிக்கப்பட்டது. 1946 மார்ச் 22-ஆம் தேதி, காவிரியின் கிளை ஆறான கபினியில், 120 பவுண்டு மீனைக் கரை சேர்த்தவர் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர். மகாராஜாக்கள் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுப்பதில் பேர் போன குடும்பம் அது.

120 பவுண்டு என்றால் சுமார் 54 கிலோ. ஒரு அரிசி மூட்டையையும் விட அதிகம். அவ்வளவு எடையும் ஒரு நரம்பின் முனையில், வெள்ளத்தின் போக்கிலேயே இழுத்துக்கொண்டு ஓடினால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போன பிறகு காவிரி மகசீரைப் பற்றிய பேச்சும் நின்றுபோயிற்று. 1934-இல் மேட்டூர் அணை வந்துவிட்டது. மேலே கிருஷ்ணராஜ சாகரமும் வந்தது. 1974-இல் கபினியிலும் அணை கட்டி முடிந்தது. இந்தப் பெரிய மீன் அற்றே போய்விட்டது என்று வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

1978-இல் மூன்று ஆங்கில இளைஞர்கள் அந்த முடிவைப் பொய்யாக்கினார்கள். உலகம் சுற்றி மீன் பிடிக்கப் புறப்பட்டவர்கள் அவர்கள். காவிரியில் இறங்கித் தேடி, பெரிய மகசீர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று படத்தோடு காட்டினார்கள். செய்தி சீமைப் பத்திரிகைகளில் பரவியது. மறுபடியும் கூட்டம் வரத் தொடங்கியது.

பரிசலில் ஒரு நாள்

பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சிக்கும் மேகதாதுவுக்கும் இடையே காவிரி காட்டுக்குள் ஓடுகிறது. அங்கே பீமேஸ்வரி, தொட்டமக்களி, காலிபோரே ஆகிய இடங்களில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம்கள் அமைத்தது. இதற்கு முன்பே, 1972-இல் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தோன்றி, ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டிருந்தது.

முகாமில் ஒரு நாள் விடியற்காலையில் தொடங்கும். பரிசலில் விருந்தாளியும், வழிகாட்டியும், துடுப்புக்காரரும் ஏறுவார்கள். ஒக்கனேக்கல்லில் நாம் ஏறும் அதே வட்டப் பரிசல்தான். எந்த மடுவில் மீன் நிற்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழலும், தண்ணீர் ஓர் அடி ஏறினால் மீன் எங்கே நகரும் என்பதெல்லாம் வழிகாட்டியின் தலைக்குள் இருக்கும் படம். விலை உயர்ந்த தூண்டிலும் ரீலும் கொண்டுவந்த சீமைத் துரையும் அங்கே அவர் சொன்னபடிதான் கேட்க வேண்டும்.

இரை என்ன தெரியுமா? நம் வீட்டுக் கேழ்வரகுக் களி! மாவைக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவில் உருட்டி, வேகவைத்துத் தூண்டில் முள்ளில் குத்துவார்கள். மாவில் என்ன சேர்ப்பது, எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதில் ஆளுக்கொரு கைப்பக்குவம். களிக்கு வராத மீனுக்கு நண்டு, சிறு மீன்.

இரையை ஓட்டத்தில் வீசிவிட்டு, நரம்பின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம். ஒரு நாள் முழுக்கவும் ஆகலாம். மூன்று நாள் வெறுங்கையோடு இருந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. மீன் கவ்விவிட்டாலோ உட்கார நேரம் இல்லை. நூறு கஜம், நூற்றைம்பது கஜம் நரம்பை இழுத்துக்கொண்டு ஆற்றின் போக்கில் பறக்கும். பாறையைச் சுற்றி வளைத்து நரம்பை அறுக்கப் பார்க்கும். அப்போது பரிசல்காரர் சுழலுக்குள் பரிசலைச் செலுத்தி, சிக்கிய நரம்பை விடுவிக்க வேண்டும். இந்த ஆற்றில் முதலை உண்டு. கரையில் யானை நிற்கும். ஆகவே இது வேடிக்கை வேலை அல்ல.

கடைசியில் களைத்த மீனை ஆழமில்லாத தண்ணீருக்குக் கொண்டுவருவார்கள். முள்ளை எடுப்பார்கள். எடை, நீளம், இடம், நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவார்கள். பிறகு வழிகாட்டி மீனைத் தண்ணீருக்குள்ளேயே, ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். செவுளில் தண்ணீர் பாய்ந்து, மூச்சு திரும்பி, வாலை ஒரு தட்டுத் தட்டி அது தானாகப் போகும்வரை கையை எடுக்க மாட்டார்.

தோட்டாவை விட்ட கைகள்

இந்த வழிகாட்டிகள் யார்? சுற்றுக் கிராமத்து ஆட்கள். அவர்களில் சிலர் ஒரு காலத்தில் அதே ஆற்றில் தோட்டா போட்டு மீன் பிடித்தவர்கள். கல் உடைக்கும் தோட்டா ஒன்றை மடுவில் எறிந்தால் பெரிது, சிறிது, குஞ்சு எல்லாம் செத்துப்போகும். மிதப்பதை அள்ளிக்கொள்வார்கள். மிதக்காமல் அடியில் போய் அழுகுவது யாருக்கும் பயன்படாது. பல வருடம் வளர்ந்த மீன் ஒரு மாலையில் கிலோ கணக்கில் விற்றுத் தீர்ந்துவிடும்.

முகாம் வந்த பிறகு கணக்கு மாறியது. செத்த மீன் ஒரு தடவைதான் காசு தரும். உயிரோடு விட்ட மீன் மறுபடி மறுபடி விருந்தாளியைக் கூட்டிவரும். சம்பளம், அன்பளிப்பு, பரிசல் வேலை, சமையல் வேலை என்று பல குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது. ஆற்றைத் தோட்டாக்காரர்களிடமிருந்து காக்க வேண்டிய அவசியம் கிராமத்துக்கே வந்தது. ஊரை விட்டு வேலை தேடிப் போகாமல், பிறந்த ஆற்றங்கரையிலேயே பிழைக்க முடிந்தது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டுப் புத்தகம் சொன்ன கதை

காலிபோரே முகாமின் கணக்கு நோட்டுகளைப் பின்னாளில் மீன் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான கணக்கு. 23,000 மணி நேரத்துக்கு மேல் தூண்டில் போட்டு, 6,000-க்கும் அதிகமான மகசீர் மீன்களைப் பிடித்து விட்டிருக்கிறார்கள். ஒரு பவுண்டு குஞ்சிலிருந்து 104 பவுண்டு வரை அதில் இருந்தன. மாதாமாதம் ஆபீசில் ரிஜிஸ்தர் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு திருப்தி உண்டு. ஒழுங்காக எழுதி வைத்த கணக்கு ஒருநாள் சாட்சி சொல்லியே தீரும்!

முதல் பார்வையில் கணக்கு நல்லதாகவே தெரிந்தது. வருடத்துக்கு வருடம் பிடிபடும் மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. ஆனால் சராசரி எடை குறைந்துகொண்டே போயிற்று. ஏன்? இனம் பிரித்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. கூடியதெல்லாம் நீலத்துடுப்பு மகசீர். கூன்முதுகு மகசீரோ ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, கடைசியில் அநேகமாகக் காணாமலே போயிருந்தது.

நீலத்துடுப்பு மகசீர் காவிரிக்கு எப்படி வந்தது? மனிதர்கள் கொண்டுவந்து விட்டார்கள். மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தின் பண்ணையில் 1970-களிலிருந்து இந்த இனத்தைச் செயற்கை முறையில் பொரிக்கவைத்து, பல மாநிலங்களுக்குக் குஞ்சுகள் வழங்கினார்கள். அருகி வரும் மகசீரைப் பெருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். காவிரியிலும் விட்டார்கள். பெரிய மீன் வேண்டும் என்ற தூண்டில்காரர்களும் இதை வரவேற்றார்கள். மகசீர் எல்லாம் ஒன்றுதான் என்று அன்று எண்ணினார்கள். வந்த மீன் ஆற்றை நிறைத்தது. சொந்த மீன் ஒதுங்கியது. அணை, மணல் அள்ளுதல், தோட்டா, கழிவுநீர் ஆகியவற்றோடு இந்த வெளியூர் மீனின் பெருக்கமும் கூன்முதுகின் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

பெயர் இல்லாத மீன்

இதில் இன்னொரு விநோதம் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளாகப் புகழ் பெற்ற இந்த மீனுக்கு முறையான விஞ்ஞானப் பெயரே இல்லாமல் இருந்தது! பெயர் இல்லாத பிராணியை அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்க்க முடியாது. ரேஷன் கார்டு இல்லாதவருக்கு அரிசி இல்லை என்பது போலத்தான்.

காலிபோரேயில் அகப்படாத மீனைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் மோயாற்றுக்குப் போனார்கள். நீலகிரி அடிவாரத்தில் முதுமலைக் காட்டையொட்டி ஓடி, பவானிசாகரில் சேரும் ஆறு அது. அங்கே கூன்முதுகு இன்னும் உயிரோடு இருந்தது. மரபணுவைச் சோதித்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கேரளத்தின் பாம்பாற்றில் கண்டெடுத்துப் பெயர் சூட்டியிருந்த ஒரு மகசீரும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. பாம்பாறும் கிழக்கே ஓடி அமராவதி வழியாகக் காவிரியில் கலப்பதுதான். டோர் ரமாதேவி என்பது அந்தப் பெயர். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய மீன் நிபுணர் ரமாதேவி அம்மையாரைக் கௌரவிக்க வைத்தது. ஆக, ஆற்றுப் புலிக்கு ஒரு பெண்மணியின் பெயர்.

2018-இல் இந்த முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டு சர்வதேசச் செம்பட்டியலில், அற்றுப்போகும் அபாயம் மிக அதிகமாக உள்ள பிரிவில் இது சேர்க்கப்பட்டது. புலிக்குக் கொடுத்துள்ள இடத்தை விட இது மோசமான இடம்.

தடை நல்லதா, கெட்டதா?

பெயர் கிடைப்பதற்குள் முகாம்களில் தூண்டில் நின்றுவிட்டது. காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987-இல் ஏற்பட்டது. சரணாலயத்துக்குள் மீனைத் தூண்டிலில் மாட்டுவதும் வேட்டையே, பிடித்துவிட்டுத் திரும்ப விட்டாலும் சட்டம் அனுமதிக்காது என்று அரசாங்கம் முடிவு செய்தது. 2012-க்குப் பிறகு அங்கே விளையாட்டுத் தூண்டில் இல்லை.

இதில் இரண்டு கட்சி உண்டு. பொழுதுபோக்குக்காக ஒரு பிராணியின் வாயில் முள்ளை மாட்டி, மூச்சுத் திணறத் திணற இழுப்பது கொடுமை என்பது ஒரு கட்சி. மானைச் சுடக் கூடாது என்றால் மீனை மட்டும் ஏன் மாட்டலாம் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிருங்கேரியில் துங்கா நதிப் படித்துறையில் மகசீர் கூட்டம் பக்தர்களின் கையிலிருந்து பொரி வாங்கித் தின்கிறது. அங்கே தூண்டில் இல்லாமலே மீன் பிழைத்திருக்கிறது.

தூண்டில்காரர்களும் சில ஆராய்ச்சியாளர்களும் எதிர்க்கட்சி. ஆற்றில் நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் இருந்ததால்தான் தோட்டாக்காரர்கள் பயந்து ஒதுங்கினார்கள். காவல் போனதும் அவர்கள் திரும்பிவிட்டார்கள் என்கிறார்கள். நோட்டுக் கணக்கு நின்றுபோனதால் எந்த மீன் எவ்வளவு மிச்சம் என்று அறியும் வழியும் அடைபட்டது என்கிறார்கள். இதையும் தள்ளிவிட முடியாது.

இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்றவர் வழிகாட்டி. தோட்டாவை விட்டுத் தூண்டிலுக்கு வந்தவருக்குத் தூண்டிலும் போயிற்று. முகாம்கள் இன்று இயற்கை முகாம்களாக நடக்கின்றன. பரிசல் சவாரி உண்டு. பறவை பார்க்கலாம். ஆனால் பாறைக்குப் பின்னால் எந்த மீன் நிற்கிறது என்று அறிந்த கண்ணுக்கு அங்கே முன்போல் வேலை இல்லை. சட்டம் மீனுக்குச் செய்ததோடு, அந்தக் கண்களுக்கும் ஏதாவது செய்திருக்கலாம். ஆற்றங்கரைக் காவலுக்கும் மீன் கணக்கெடுப்புக்கும் அவர்களை விடச் சிறந்த ஆட்கள் கிடைப்பார்களா?

கடலில் கதை வேறு. அந்தமானில் இன்றும் வழிகாட்டியோடு படகில் போய், கரையோரப் பவளத் திட்டுகளில் பெரிய பாறை மீன்களைத் தூண்டிலில் பிடித்து விடும் தொழில் நடக்கிறது. கடல் விரிந்தது; மீனுக்கு ஓட இடம் உண்டு. ஆற்று மீனுக்கு மேலேயும் அணை, கீழேயும் அணை.

இனி என்ன?

தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்தது. கர்நாடகச் சரணாலயத்தோடு இது ஒட்டிக் கிடப்பதால், ஆற்றின் இரு கரையிலும் காட்டுக்குப் பாதுகாப்பு வந்துள்ளது. மறுபக்கம் மேகதாதுவில் அணை கட்டக் கர்நாடகம் திட்டம் வைத்திருக்கிறது. தண்ணீர்ப் பங்கு பற்றி இரு மாநிலங்களும் வழக்காடுகின்றன. அணை வந்தால் மூழ்கப்போவதில் பெரும்பகுதி சரணாலயக் காடு என்பதும், ஓடுகிற தண்ணீரில் வாழும் மீனுக்குத் தேங்கிய தண்ணீர் வீடாகாது என்பதும் அந்த வழக்கில் அதிகம் பேசப்படாத சங்கதிகள்.

காச்சிகுடாவில் மாலையில் ரயில் ஏறினால் காலையில் பெங்களூர். அங்கிருந்து பீமேஸ்வரி அரை நாள் பயணம் கூட இல்லை. விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் குழந்தைகளோடு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். ஒக்கனேக்கல்லுக்குப் போகிறவர்கள் பரிசல்காரரிடம் இந்த மீனைப் பற்றிக் கேட்கலாம். ஆற்றங்கரையில் மீன் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தோட்டாவில் செத்த மீனுக்கு முதுகெலும்பு முறிந்திருக்கும். வயிற்றுக்குள் காற்றுப் பை கிழிந்து ரத்தம் கட்டியிருக்கும். அப்படிப்பட்ட மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்குகிற கை இல்லாவிட்டால் எறிகிற கையும் தானாக ஓய்ந்துவிடும்.